ஊர் மாறும் பிள்ளைகள்: சினிமா கேள்வி – பதில்

சிறுபிராயம், இழப்பு, இடமாற்றம் – இந்த மூன்றையும் பேசும் படங்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். சில படங்களின் முடிவைச் சொல்லாமல் பதில் சொல்ல வழியில்லை. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டுப் படிக்கலாம்.

‘சம்மர் 1993’ படத்தில் அம்மாவை இழந்த சிறுமி படம் முழுக்க அழவே இல்லை. கடைசியில் கட்டிலில் குதித்து விளையாடிக்கொண்டிருக்கும்போது பொங்கிப் பொங்கி அழுகிறாள். சந்தோஷமான நேரத்தில் ஏன் இந்த அழுகை?
– வாசகி, திருச்சி

சந்தோஷமாக இருப்பதால்தான். அதற்கு முன்பு அழுவதற்கு அவளுக்குப் பாதுகாப்பான இடம் வாய்க்கவில்லை.

கார்லா சிமோன் 2017-இல் கட்டலான் மொழியில் எடுத்த படம் இது. அவருடைய சொந்த வாழ்க்கையிலிருந்து வந்த கதை. ஆறு வயது ஃப்ரிடா, பார்சிலோனாவிலிருந்து கிராமத்தில் இருக்கும் மாமா எஸ்தேவே, அத்தை மார்கா வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். அங்கே அவர்களுடைய சின்ன மகள் ஆனா இருக்கிறாள். அதாவது ஃப்ரிடா போய்ச் சேர்வது ஏற்கெனவே நிறைந்திருக்கும் ஒரு வீட்டுக்கு. அழுதால் அனுப்பிவிடுவார்களோ என்ற கணக்கு அவளுக்குள் ஓடுகிறது. ஆகவே கண்ணீருக்குப் பதிலாக வேறு எல்லாம் செய்கிறாள்: வேண்டுமென்றே அடம் பிடிக்கிறாள், காட்டில் இருக்கும் மாதா சிலைக்கு அம்மாவுக்கென்று பொருட்களைக் கொண்டுபோய் வைக்கிறாள், ஆனாவைக் காட்டுக்குள் விட்டுவிட்டு வருகிறாள். ஒரு ராத்திரி மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பியவள், ரொம்ப இருட்டாக இருக்கிறது, நாளைக்குப் போகிறேன் என்று திரும்பி வருகிறாள். படத்தின் மிக நல்ல நகைச்சுவையும் அதுதான், மிகப் பெரிய திருப்பமும் அதுதான். திரும்பி வந்தால் கதவு திறக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொள்கிறாள்.

கடைசிக் காட்சிக்குச் சற்று முன்னால், அம்மா எப்படி இறந்தாள் என்று மார்காவிடம் நேராகக் கேட்கிறாள். மார்கா மறைக்காமல் சொல்கிறாள். அதுவரை பெரியவர்கள் கிசுகிசுத்ததெல்லாம் நம் காதுக்கும் பாதிதான் விழுந்தது, ஏனென்றால் கேமரா ஃப்ரிடாவை விட்டு நகரவே இல்லை. விளையாட்டு மைதானத்தில் அவள் விழுந்து ரத்தம் வந்தபோது இன்னொரு அம்மா பதறித் தன் பிள்ளையை இழுத்துக்கொண்டது அம்மாவைக் கொன்ற எய்ட்ஸைப் பற்றிய பயத்தால்தான் என்பதை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகு வரும் முதல் சிரிப்பில் அவள் உடம்பு தளர்கிறது. அழுகை வந்துவிடுகிறது.

இந்த வகைப் படங்களில் நல்லவை எல்லாவற்றிலும் துக்கம் தாமதமாகத்தான் வரும்; வேறு ஏதோ ஒன்றைச் சாக்கிட்டு வரும். லாஸ்ஸே ஹால்ஸ்ட்ராமின் ‘மை லைஃப் ஆஸ் எ டாக்’ (1985) படத்தையும் பாருங்கள். 1950களின் இறுதி. காசநோயில் கிடக்கும் அம்மாவுக்கு ஓய்வு வேண்டும் என்று இங்கெமார் என்ற பையனை ஸ்வீடனில் கண்ணாடித் தொழிற்சாலை இருக்கும் ஒரு கிராமத்துக்கு, மாமா வீட்டுக்கு, அனுப்புகிறார்கள். 1957-இல் ஸ்புட்னிக்-2-இல் ஏற்றி அனுப்பப்பட்ட லைக்கா என்ற நாயை நினைத்துக்கொண்டு, அதை விட நம் நிலைமை பரவாயில்லை என்று அவன் தன்னைத் தேற்றிக்கொள்கிறான். அம்மா இறந்தபோது தாங்கிக்கொண்டவன், தன் நாயும் உயிரோடில்லை என்று தெரிந்ததும் ஒரு சின்னக் குடிலுக்குள் போய்த் தாளிட்டுக்கொண்டு உடைந்துபோகிறான். நாய்க்காக அழுகிறான் என்று அவனே நினைத்துக்கொண்டிருப்பான்.

‘பதேர் பாஞ்சாலி’யில் துர்கா இறந்த செய்தியைச் சொல்லும் காட்சியில் அம்மாவின் அழுகைச் சத்தமே கேட்பதில்லை. என் பிரதியில் கோளாறா?
– வாசகர், நாகர்கோவில்

கோளாறு இல்லை. சத்யஜித் ராய் தெரிந்தே செய்தது. வெளியூர் போயிருந்த அப்பா ஹரிஹர் எதுவும் தெரியாமல் திரும்பி வந்து, வாங்கிவந்த பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறான். துர்காவுக்கென்று வாங்கிய புடவையை நீட்டும்போதுதான் அம்மா சர்போஜயா உடைகிறாள். அந்தக் கதறலை நீக்கிவிட்டு, அதன் இடத்தில் தார் ஷெனாய் என்ற தந்தி வாத்தியத்தின் உச்ச ஸ்தாயியை வைத்தார் ராய். உண்மையான அழுகுரல் அங்கே கேட்டிருந்தால் நாம் அந்த நடிகையைப் பார்த்திருப்போம். இப்போது நமக்குத் தெரிந்த யாரோ ஒருவரின் அழுகை ஞாபகத்துக்கு வருகிறது.

ஆனால் வளர்பருவப் படம் என்று பார்த்தால் இதைவிட முக்கியமான இடம் அதற்கு முன்னால் வருகிறது. பலர் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். துர்கா போன பிறகு ஒருநாள் அவளுடைய தம்பி அப்பு தானே தலை சீவிக்கொண்டு வெளியே கிளம்புகிறான். வானத்தைப் பார்க்கிறான். மேகம். திரும்பி வந்து குடையை எடுத்துக்கொண்டு போகிறான். அதுவரை அவனுக்குத் தலை சீவிவிட்டவர்கள் வேறு பேர். மழையில் நனைந்துதான் அக்கா காய்ச்சலில் விழுந்தாள். ஒரு வசனம் கிடையாது, பையன் பெரியவனாகிவிட்டான்.

பிறகு ஊரைவிட்டுக் கிளம்பும் நாளில், அக்கா திருடவில்லை என்று சாதித்த பாசிமாலை அவன் கைக்குக் கிடைக்கிறது. யாரிடமும் காட்டாமல் குளத்தில் எறிகிறான். பாசி விலகி, பிறகு மெல்ல மூடிக்கொள்கிறது. துக்கம் ஒருபுறம் இருக்கட்டும், இனி ஒரு ரகசியத்தையும் அவன் சுமந்தாக வேண்டும்.

‘பதேர் பாஞ்சாலி’, ‘அபராஜிதோ’, ‘அபுர் சன்சார்’ என்ற அப்பு வரிசையைப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 1993-இல் லண்டனில் நடந்த தீ விபத்தில் மூலப் படச்சுருள்கள் கருகின. இத்தாலியின் போலோன்யாவில் அவற்றில் மிஞ்சியதைப் பக்குவப்படுத்தி, மற்ற பிரதிகளோடு சேர்த்து 4கே-யில் சீரமைத்து 2015-இல் வெளியிட்டார்கள். அந்தப் பிரதியையே தேடுங்கள். பழைய பிரதிகளில் இரைச்சலில் பாதி ஒலி அமுங்கிப்போகும். மேலே சொன்ன காட்சியே வீணாகிவிடும்.

எங்களுக்குப் பணிமாற்றல். எட்டு வயது மகன் பழைய பள்ளியையும் நண்பர்களையும் விட்டுவிட்டு வந்திருக்கிறான். இந்த வருடம்தான் பாட்டியும் தவறினார். அவனோடு உட்கார்ந்து பார்க்க எந்தப் படம் சரி?
– வாசகி, கோயம்புத்தூர்

முதலில் ‘மை நெய்பர் டோட்டோரோ’ (1988). ஹயாவோ மியாசாகியின் படம், 86 நிமிடம்தான். அப்பாவோடு கிராமத்துப் பழைய வீட்டுக்குக் குடிவரும் இரண்டு சிறுமிகள்; அம்மா ஆஸ்பத்திரியில். பார்க்கத் தொடங்கும் முன்பே “அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது” என்று சொல்லிவிடுங்கள். முடிவைச் சொன்னால் சுவை கெடும் என்பது பெரியவர்களின் கவலை. சமீபத்தில் ஒரு சாவைப் பார்த்த பிள்ளை, அம்மா இறந்துவிடுவாளோ என்ற பயத்திலேயே மொத்தப் படத்தையும் கடத்திவிடுவான். மூத்தவள் சாட்சுகி, தங்கைக்குத் தாயாகப் பொறுப்போடு நடந்துகொண்டே வந்து, ஓரிடத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டியின் முன்னால் உடைந்து அழுவாள். அங்கே உங்கள் மகன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் போகட்டும். கூப்பிடாதீர்கள்.

சில வாரம் கழித்து ‘இன்சைட் அவுட்’ (2015). மினசோட்டாவிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வந்த பதினொரு வயது ரைலியின் கதை. இதில் சாவு இல்லை, மாற்றல் மட்டும்தான். அதனால் அவனுக்கு நேராகப் பொருந்தும். ‘எனக்குப் பழைய வீடு வேண்டும்’ என்று பெற்றோரிடம் அவள் சொல்லிவிடும் காட்சிக்குப் பிறகு, ‘உனக்கும் அப்படியா?’ என்று கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். அன்று ராத்திரியோ மறுநாள் பள்ளி வேனுக்குக் காத்திருக்கும்போதோ அவனே ஆரம்பிப்பான்.

தவறுவது பெரும்பாலும் படத் தேர்வில்தான். பாட்டி இறந்தார் என்பதற்காகப் பாட்டி சாகும் படத்தையே போட்டுக் காட்டுவார்கள். பிள்ளை திரையை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். இன்னொன்று சப்-டைட்டில். எட்டு வயதில் இரண்டு வரியைப் படித்து முடிப்பதற்குள் ஷாட் மாறிவிடும். அவனுக்குப் புரியும் மொழியில் டப்பிங் இருந்தால் அதைப் போடுங்கள்.

மேலே சொன்ன ‘மை லைஃப் ஆஸ் எ டாக்’ இப்போது வேண்டாம். உடல் பற்றிய குறுகுறுப்புக் காட்சிகள் உண்டு. பதினான்கு, பதினைந்து வயதில் பார்க்கட்டும்.

‘டோட்டோரோ’வும் ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்’ படமும் ஒரே நாளில் வெளியானவை என்பது உண்மையா?
– வாசகர், சேலம்

உண்மை. 1988 ஏப்ரல் 16 அன்று ஜப்பானில் ஒரே டிக்கெட்டில் இரண்டு படமாகத் திரையிட்டார்கள். இரண்டாவது படம் போரில் அநாதையாகும் அண்ணன், தங்கையின் சாவைச் சொல்வது; நீங்கள் வீட்டில் இரண்டையும் சேர்த்துப் போட வேண்டாம்.

அம்மா இறந்த பிறகு சித்தி வீட்டுக்கு வரும் ஏழு வயதுச் சிறுமியைப் பற்றி 12 நிமிடக் குறும்படம் எடுக்கிறேன். சிறுமிக்கு நடிப்பு அனுபவம் இல்லை. எதில் கவனமாக இருக்க வேண்டும்?
– திரைப்படக் கல்லூரி மாணவர், சென்னை

சாவைக் காட்டாதீர்கள். ஃபிளாஷ்பேக்கும் வேண்டாம். அவள் பையோடு வாசலில் நிற்கும் இடத்தில் தொடங்குங்கள். பன்னிரண்டு நிமிடம் ஒரே ஒரு பொருளைத்தான் தாங்கும். அம்மாவின் சீப்போ தைலப் புட்டியோ எதுவானாலும் சரி, இரண்டாவது பொருளைச் சேர்த்தால் இரண்டுமே பலமிழக்கும்.

கேமராவை இறக்குங்கள். ஏழு வயதுப் பிள்ளை நின்றால் கண்மட்டம் ஏறத்தாழ 110 செ.மீ.; தரையில் உட்கார்ந்தால் அதில் பாதிதான். சாதாரண ட்ரைபாட் அவ்வளவு தூரம் இறங்காது, குட்டைக் கால் ட்ரைபாட் வாடகைக்கு எடுங்கள். பெரியவர்களின் தலை ஃபிரேமுக்கு வெளியே போகும். போகட்டும். அவர்கள் பேசும்போது கேமராவை மேலே தூக்கினால், அதுவரை இருந்த குழந்தைப் பார்வை அந்த நொடியில் செத்துவிடும். குளோஸ்-அப்புக்கு 24 மி.மீ. லென்ஸை மூக்கருகில் கொண்டுபோகாதீர்கள், முகம் கோணும். 50 மி.மீ. போட்டுத் தள்ளி நின்றால் பிள்ளைக்கும் கூச்சம் குறையும்.

படப்பிடிப்பின்போதே ஒலியைப் பதியும் லைவ் சவுண்டில் எடுங்கள். குழந்தையின் மூச்சை டப்பிங் தியேட்டரில் திரும்ப வாங்க முடியாது. காலர் மைக், ஓடும்போது துணியில் உரசும், நீளக் கழியில் பிடிக்கும் பூம் மைக் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வீட்டிலும் யாரும் பேசாமல் ஒவ்வொரு நிமிடம் வெறும் அறைச் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். பழைய வீட்டில் கேட்ட மின்விசிறிச் சத்தம் புது வீட்டில் இல்லை என்பதே ஊர் மாறியதைச் சொல்லிவிடும்.

வசனத் தாளை அவளிடம் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் வீட்டில் மனப்பாடம் செய்து ஒப்பிப்பாள். தாயால் கைவிடப்பட்ட நான்கு பிள்ளைகளைப் பற்றிய ‘நோபடி நோஸ்’ (2004) படத்தில் ஹிரோகாசு கொரீடா பிள்ளைகளுக்கு ஸ்கிரிப்ட் கொடுக்கவில்லை. அந்தந்த நேரத்தில் சொல்லிக்கொடுத்துப் பேசவைத்தார். காட்சிகளையும் கதை வரிசைப்படியே, பருவங்கள் மாற மாற எடுத்தார். மூத்த பையனாக நடித்த யூயா யாகிராவுக்கு கான் விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. உங்களுக்கு நான்கு நாள்தான் இருக்கும். அதற்குள்ளும் கதை வரிசையை விடாதீர்கள். முதல் நாள் சித்தியிடம் அவளுக்கு இருக்கும் நிஜமான கூச்சம் நான்காம் நாள் இருக்காது, அதுவே உங்கள் கதை.

நடக்கவைப்பதுகூடச் சுலபமில்லை. ‘பதேர் பாஞ்சாலி’யின் நாணல் காட்டில் அப்பு அக்காவைத் தேடிவரும் ஷாட்டில், பையன் விறைப்பாக நேராக நடந்து வந்தான். ராய் வழியில் சுள்ளிகளைப் போட்டு அவற்றைத் தாண்டி வரச் சொன்னார். உதவியாளர்களை நாணலுக்குள் ஒளித்துவைத்து மாறி மாறிப் பெயர் சொல்லிக் கூப்பிடச் செய்தார். தேடும் பாவனை தானாக வந்தது. “சோகமாக இரு” என்று சொல்வதைவிட, “இந்தப் பூட்டைத் திறந்து பார்” என்று ஒரு வேலையைக் கொடுப்பது பலிக்கும்.

அழவைப்பதற்காக ‘உன் அம்மா இறந்துபோனால்…’ என்று நினைக்கச் சொல்லும் பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. அது கொடுமை, நடிப்புக்கும் உதவாது. கண்ணீர் தேவைப்படாதபடி எழுதுங்கள். பிடரி, கைவிரல், கதவுக்குப் பின்னால் தெரியும் கால் போதும்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பதினான்கு வயதுக்குக் குறைந்தவர் நடித்தால், படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. சம்பளம் கொடுத்தால் குறைந்தது 20 சதவீதத்தை அந்தப் பிள்ளையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புநிதியாகப் போட வேண்டும். மாணவர் படம்தானே என்று விட்டுவிட வேண்டாம்.

தமிழில் இந்த வகைக்கு ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) மட்டும்தானா?
– வாசகர், யாழ்ப்பாணம்

முதலில் நினைவுக்கு வருவது அதுதான். ஒன்பதாவது பிறந்தநாளில் தான் தத்துப்பிள்ளை என்று தெரிந்துகொள்ளும் அமுதா, பெற்றவளைத் தேடி உங்கள் நாட்டின் போர்ச்சூழலுக்குள் வருகிறாள். இழப்பு இங்கே சாவில்லை, அதுவரை நிச்சயமாக இருந்த ஒன்று நழுவிப்போவது. பி. எஸ். கீர்த்தனா தேசிய விருது பெற்ற நடிப்பு. குறை என்னவென்றால், படம் அமுதாவின் கண்ணிலேயே நிற்பதில்லை. வளர்த்த பெற்றோர் இருவரின் காதல் கதைக்கும் பெற்றவள் ஷ்யாமாவின் கதைக்கும் மாறி மாறிப் போய்விடுகிறது. ஆகவே இதைப் பெரியவர்களைப் பற்றிய படமாகவும் பார்க்கலாம்.

எங்கள் ஓட்டு ‘காக்கா முட்டை’க்கு (2015). அண்ணன் தம்பி இருவரும் எங்கேயும் குடிபெயர்வதில்லை. அவர்கள் ஏறி முட்டை குடித்த மரத்தை வெட்டிவிட்டு, அதே இடத்தில் பீட்சா கடை வருகிறது. நிற்கும் இடத்திலேயே ஊர் மாறிவிடுகிறது. பையன்களுக்கு அதில் துக்கப்பட நேரமில்லை, பீட்சா விலைக்குக் காசு சேர்க்கக் கிளம்பிவிடுகிறார்கள்.