பால் கிண்ணத்தை எடுத்து உள்ளே வையுங்கள்

கேள்வி: மகள் ஆசைப்பட்டாள் என்று இரண்டு மாதப் பூனைக்குட்டி ஒன்றைக் கொண்டுவந்தோம். மூன்று நாளாக பீரோவுக்கு அடியிலேயே கிடக்கிறது. ராத்திரி வந்து பாலை மட்டும் குடித்துவிட்டு வீடெல்லாம் கழிந்து வைக்கிறது. மீன் மார்க்கெட்டில் விட்டால் அதுவே பிழைத்துக்கொள்ளும் என்கிறார் மாமியார். விட்டுவிடலாமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: கழிவது குட்டியின் குற்றமில்லை, நீங்கள் ஊற்றும் பாலின் குற்றமாகத்தான் இருக்கும். தாய்ப்பாலை மறக்கிற வயதில் பல குட்டிகளுக்குப் பசும்பால் செரிக்காது. கிண்ணத்தில் தண்ணீர் போதும். சாப்பிட, முள் எடுத்த அவித்த மீனோ கோழியோ, உப்பும் மசாலாவும் வெங்காயமும் படாமல், ஒரு நாளைக்கு நான்கு வேளை கொஞ்சம் கொஞ்சமாக. இதையே காலத்துக்கும் போடாதீர்கள், கடையில் குட்டிகளுக்கென்றே விற்கிற தீனிக்குப் பழக்குங்கள். பூனைக்கு டாரின் என்ற சத்து குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும், பால்சோற்றில் அது கிடைக்காது. பாலை நிறுத்தி ஒரு நாளாகியும் கழிந்தாலோ, ஒரு நாள் முழுக்க எதையும் தொடாவிட்டாலோ டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், அந்த உடம்பு முக்கால் கிலோ இருந்தால் அதிகம், தாங்காது. எப்படியும் போகத்தான் வேண்டும்: பூச்சி மருந்து, இந்த வயதில் முதல் தடுப்பூசி, மூன்று மாதமானதும் வெறிநாய்க்கடி ஊசி.

அப்புறம் பீரோ. துடைப்பக்கட்டையை விட்டு வெளியே இழுத்துப் பார்த்திருப்பீர்களே, நீங்கள் எழுதாவிட்டாலும் தெரிகிறது. தாயின் சூடு, கூடப் பிறந்தவற்றின் வாசனை எல்லாம் ஒரே நாளில் போய்விட்டது, வந்த இடத்தில் குக்கர் விசில், மிக்சி, மகளின் தோழிகள் கூட்டம், எல்லோருக்கும் அதைத் தூக்க வேண்டும். நானாக இருந்தாலும் பீரோவுக்கு அடியில்தான் போயிருப்பேன். முழு வீட்டையும் காட்டாதீர்கள், சத்தமில்லாத ஒரு அறை போதும். அட்டைப்பெட்டியைச் சாய்த்துவைத்து, நீங்கள் உடுத்திய பழைய பருத்திப் புடவையை உள்ளே போடுங்கள். ஒரு மூலையில் சாப்பாடு, எதிர் மூலையில் பிளாஸ்டிக் பேசினில் மணல். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் மணலை விட்டுவிட்டு உங்கள் கட்டிலுக்கு அடியைத் தேடும்.

மகளிடம் ஒரு வேலை கொடுங்கள். சாயங்காலம் அரை மணி நேரம் அந்த அறைத் தரையில் உட்கார்ந்து பாடம் படிக்கட்டும், குட்டியைப் பார்க்கவும் கூடாது, கூப்பிடவும் கூடாது. ஒரு நாள் அது வரும். கால் கட்டைவிரலை மோந்து பார்க்கும், பக்கம் புரட்டுகிற சத்தத்துக்கே திரும்ப ஓடும், மறுபடி வரும். இதற்கு நான்கு நாளும் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம், பிள்ளை பொறுத்துக்கொள்வாள், பெரியவர்களைத்தான் சொல்ல முடியாது.

மாமியாருக்கு: மார்க்கெட்டில் தெருநாய்களும் இடத்தை விட்டுக்கொடுக்காத பெரிய பூனைகளும் உண்டு, வேட்டை கற்றுத்தரத் தாயில்லாத குட்டி அங்கே என்ன பிழைக்கும்? பட்டினி கிடக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. சட்டத்தை நீங்கள் சொல்ல வேண்டாம், இந்தப் பக்கத்தை மடித்து அவர் காபி குடிக்கிற இடத்தில் வைத்துவிடுங்கள்.