பதினைந்து வயது டிஃபென்ஸ்மேன்: எதைப் பார்த்து எடைபோடுவது?

கேள்வி: என் மகனுக்குப் போன அக்டோபரில் 15 வயது முடிந்தது. டொராண்டோ பகுதியில் 16 வயதுக்குட்பட்டோர் ட்ரிபிள் ஏ (சிறுவர்களுக்கான மேல்நிலைப் பிரிவு) ஐஸ் ஹாக்கி அணியில் டிஃபென்ஸ், அதாவது பின்னால் நின்று தடுக்கும் இடத்தில், ஆடுகிறான். உயரம் 5 அடி 8 அங்குலம். கோலும் அசிஸ்டும் சேர்த்து இந்த சீசனில் ஆறு பாயிண்ட்தான். அதே அணியில் ஜனவரியில் பிறந்த இன்னொரு டிஃபென்ஸ் பையன் 6 அடி 1 அங்குலம், 20 பாயிண்டுக்கு மேல் வைத்திருக்கிறான். ஓஹெச்எல் என்ற ஒன்டாரியோ ஜூனியர் லீகின் ஸ்கவுட்டுகள் (ஆள் தேடுபவர்கள்) அவனைப் பார்க்கத்தான் வருகிறார்கள். கோச்சைக் கேட்டால், "உங்கள் பையனுக்கு ஆட்ட அறிவு நன்றாக இருக்கிறது, பொறுங்கள்" என்கிறார். நான் ஊரில் கிரிக்கெட் ஆடியவன், ஸ்கேட் காலில் மாட்டியதே இல்லை. இவனிடம் உண்மையிலேயே விஷயம் இருக்கிறதா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது? முன்னால் நின்று கோல் அடிக்கும் ஃபார்வர்டாக மாற்றிவிடலாமா?

பதில்: முதலில் ஒன்று. டிஃபென்ஸ்மேனை இளம் வயதில் எடைபோடுவதில் அதையே தொழிலாகச் செய்பவர்களும் அடிக்கடி சறுக்குகிறார்கள். வட அமெரிக்காவின் முதன்மை லீகான என்ஹெச்எல்லில், அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2012 டிராஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து பேரில் எட்டு பேர் டிஃபென்ஸ்மேன்கள். அதில் மார்கன் ரைலி, ஹாம்பஸ் லிண்ட்ஹோம், ஜேக்கப் ட்ரூபா போன்றவர்கள் நன்றாகவே வந்தார்கள். ஆனால் நான்காவதாக எடுக்கப்பட்ட கிரிஃபின் ரைன்ஹார்ட் என்ஹெச்எல்லில் ஆடியது மொத்தமே 37 ஆட்டம். அதே டிராஃப்டில் 86-வது இடம் வரை காத்திருந்தவர் கோல்டன் பராய்கோ. அதற்கு முந்தைய வருடம் அவரை யாருமே எடுக்கவில்லை. 2019-ல் செயின்ட் லூயிஸ் அணி என்ஹெச்எல்லின் ஸ்டான்லி கோப்பையை வென்றபோது அவர் அதன் முக்கியத் தூண். ஜேக்கப் ஸ்லாவின் 120-வது. இன்று தடுப்பாட்டம் என்றாலே முதலில் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று அவருடையது.

இத்தனைக்கும் அவர்களெல்லாம் 18, 19 வயதுப் பையன்கள். உங்கள் மகனுக்கு 15. ஆகவே "இவன் கண்டிப்பாகப் போவான்" என்று சொல்பவரையும் "இவனுக்கு வராது" என்று சொல்பவரையும் ஒரே அளவு சந்தேகத்தோடு பாருங்கள். அதற்குப் பணம் வாங்கிக்கொண்டு சொல்பவர் என்றால் சந்தேகம் இன்னும் கொஞ்சம் கூடட்டும்.

ஃபார்வர்ட் நன்றாக ஆடினால் கோல் விழும், எல்லாரும் பார்ப்பார்கள். டிஃபென்ஸ்மேன் நன்றாக ஆடினால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. எதிரணி நம் எல்லைக்குள் வரவே முடியாமல் போகும், அவ்வளவுதான். நடக்காத ஒன்றைப் பார்க்கக் கண் பழக வேண்டும். நீங்கள் ஸ்கேட் போட்டதில்லை என்பது இதில் பெரிய குறை இல்லை. பக் என்ற ரப்பர் வட்டு போகும் பக்கமெல்லாம் கண்ணை ஓட்டும் பழக்கம்தான் குறை. அது ஆடிப் பழகிய அப்பாக்களுக்கும் உண்டு.

அடுத்த ஆட்டத்தில் மற்ற பெற்றோர்களோடு நடுவில் உட்காராதீர்கள். ரிங்கின் ஒரு கோடியில், முடிந்தால் உயரமான இடத்தில் உட்கார்ந்து, ஒரு பீரியட் (ஆட்டத்தின் மூன்றில் ஒரு பகுதி) முழுக்க உங்கள் மகனை மட்டும் பாருங்கள். பக் எங்கே போனாலும் சரி.

எதிரணி பக்கை நம் மூலைக்குள் அடித்துவிட்டுத் துரத்தி வரும் நேரம்தான் மிக முக்கியம். உங்கள் மகன் திரும்பி ஓடிப்போய் அதை எடுக்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் ஒருவன் பாய்ந்து வருகிறான். பக்கைத் தொடுவதற்கு முன்னால் உங்கள் மகன் தோளுக்கு மேலே திரும்பிப் பார்க்கிறானா? ஒரு தடவையா, இரண்டு தடவையா? கார் ஓட்டுபவர் லேன் மாறுவதற்கு முன் கண்ணாடியைப் பார்ப்பதைப் போன்றது இது. பார்க்காமலும் பல தடவை தப்பிக்கலாம், ஆனால் வேகம் கூடக் கூட ஒருநாள் மாட்டுவோம். முதல் பார்வையில் யார் வருகிறான், எந்தப் பக்கமாக வருகிறான் என்பது தெரியும். இரண்டாவது பார்வையில் நம் ஆள் எங்கே காலியாக நிற்கிறான் என்பது தெரியும். இதைச் செய்யும் பையன் பக்கைத் தொடும்போதே அடுத்து என்ன என்று முடிவெடுத்திருப்பான். செய்யாதவன் தொட்ட பிறகுதான் யோசிப்பான். அதற்குள் கண்ணாடிச் சுவரோடு அழுத்தப்பட்டிருப்பான்.

அப்புறம் அந்த முதல் தொடுதல். பக் அவன் ஸ்டிக்கில் பட்டு அப்படியே நிற்கிறதா, அல்லது துரத்தி வருபவனிடமிருந்து விலகும் திசையில் நகர்கிறதா? தொடுவதற்கு முன்னால் தோளை ஒரு பக்கம் சாய்த்து, துரத்துபவனை ஏமாற்றிவிட்டு மறுபக்கம் போகிறானா? அதன் பிறகு பாஸ். நடுவில் வரும் சென்டருக்கா, வலைக்குப் பின்னால் நிற்கும் ஜோடி டிஃபென்ஸ்மேனுக்கா, சுவரோரம் நிற்கும் விங்கருக்கா? எதுவுமே இல்லாதபோது கண்ணாடியில் அடித்து வெளியே தள்ளுவதும் நியாயமான முடிவுதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் அதையே செய்தால் அவன் பிழைத்துக்கொண்டிருக்கிறான், வளரவில்லை.

ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இப்படிப் பக்கை எடுத்த பத்து தடவையில், எத்தனை தடவை அது நம் அணிக்காரர் கட்டுப்பாட்டிலேயே நம் எல்லையைக் குறிக்கும் நீலக்கோட்டைத் தாண்டி வெளியே போனது? இதே கணக்கை அந்த உயரமான பையனுக்கும் போடுங்கள், பொறாமைக்காக இல்லை, ஓர் அளவுகோல் வேண்டும் என்பதற்காக. 15 வயதில் 6 அடி 1 அங்குலம் இருப்பவன் உடம்பை வைத்தே பக்கைக் காப்பாற்றிக்கொள்ளலாம், திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே அவனுக்கு வந்திருக்காது. எல்லாரும் பெரியவர்களாக இருக்கும் இடத்துக்குப் போகும்போது அந்தச் சலுகை போய்விடும். அவன் பார்க்கவும் செய்கிறான் என்றால், சரி, அவன் நிஜமாகவே நல்ல பையன். அதையும் ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த விஷயத்தில் ஆடம் ஃபாக்ஸைப் பார்க்கச் சொல்வேன். 5 அடி 11 அங்குலம்தான், மின்னல் வேகமும் கிடையாது. 2016 டிராஃப்டில் 66-வது இடம். ஹார்வர்டில் படித்துக்கொண்டே ஆடினார். 2021-ல் சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நோரிஸ் கோப்பையை வாங்கினார். யூடியூபில் அவர் பக்கை எடுக்கப் போகும் காட்சிகளைத் தேடி, மகனோடு உட்கார்ந்து பாருங்கள். பக்கை விட்டுவிட்டு அவர் தலையைக் கவனியுங்கள்.

அடுத்தது இடைவெளி. கோச்சுகள் கேப் என்பார்கள். எதிராளி பக்கோடு வேகமாக வருகிறான், உங்கள் மகன் பின்பக்கமாக ஸ்கேட் செய்துகொண்டே அவனை எதிர்கொள்கிறான். இருவருக்கும் நடுவே ஒரு ஸ்டிக் நீளம், மிஞ்சினால் ஒன்றரை இருக்கலாம். அதை நீலக்கோட்டுக்கு முன்பே வைத்திருக்கிறானா என்று பாருங்கள். நீலக்கோட்டிலிருந்து கோல் கோடு 64 அடி. அந்த 64 அடியையும் இலவசமாக விட்டுக்கொடுத்துக் கோலியின் மடிவரை பின்வாங்கும் பையன்கள் நிறைய. கோல் விழாதவரை யாரும் அதைத் தப்பு என்று சொல்வதில்லை. ஆனால் சீக்கிரமே பின்வாங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஓரமாகத் தாண்டிப் போய்விடுவானோ என்ற பயம், அதாவது தன் ஸ்கேட்டிங்கின் மேல் நம்பிக்கை இல்லை. எதிராளி பக்கைக் கொண்டுவர முடியாமல் தூக்கிப் போட்டுவிட்டுத் துரத்த வேண்டி வந்தால், அது உங்கள் மகன் வென்ற ஆட்டம். ஸ்கோர்ஷீட்டில் அது வராது.

ஸ்டிக் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். இடுப்பு உயரத்தில் ஆடிக்கொண்டிருக்கிறதா, பனியில் பக்கை நோக்கி இருக்கிறதா? "மோதுடா!" என்று கத்தும் அப்பாக்கள் ஒவ்வொரு ரிங்கிலும் இருப்பார்கள். மேலே சொன்ன ஸ்லாவின் 2021-லும் 2024-லும் லேடி பிங் கோப்பை வாங்கினார். கண்ணியமாக ஆடுபவருக்குத் தரும் பரிசு அது. 1954-ல் ரெட் கெல்லிக்குப் பிறகு 2012-ல் பிரையன் கேம்பல் வாங்கும்வரை எந்த டிஃபென்ஸ்மேனுக்கும் கிடைக்காதது. உலகின் மிக வேகமான ஃபார்வர்டுகளைப் பெனால்டியே வாங்காமல் காலாலும் ஸ்டிக்காலும் தடுக்கிறார். மோதல் வேண்டாம் என்று சொல்லவில்லை. 15 வயதில் பெரிய மோதலைப் பார்த்து ஏமாற வேண்டாம் என்கிறேன்.

ஸ்கேட்டிங்கைப் பொறுத்தவரை நேர்கோட்டு வேகம் எல்லார் கண்ணிலும் படும். டிஃபென்ஸ்மேனுக்கு அதைவிடப் பெரிது, பின்பக்கமாகப் போகும்போது முன்பக்கமாகத் திரும்புவது. அநேகமாக எல்லாருக்கும் ஒரு பக்கம் சுலபம், மறுபக்கம் தடுமாற்றம். எந்தப் பக்கம் திரும்பும்போது வேகம் குறைகிறது என்று கண்டுபிடியுங்கள். நல்ல ஃபார்வர்ட் அதை ஒரே ஷிஃப்டில், அதாவது பனியில் ஒரு முறை இறங்கி ஏறுவதற்குள், கண்டுபிடித்துவிடுவான். தனிப்பயிற்சிக்குச் செலவழிப்பதாக இருந்தால் இந்த ஒரு விஷயத்துக்குச் செலவழியுங்கள். ஷாட் பலம் உடம்போடு வரும், இப்போது கவலைப்பட வேண்டாம்.

பாயிண்ட் கணக்குக்கு வருவோம். எதிரணியில் ஒருவர் பெனால்டியில் வெளியே இருக்கும் பவர் பிளேயில் அந்த உயரமான பையன்தான் மேலே, நீலக்கோட்டருகே நிற்கிறானா? அப்படியென்றால் அவனுடைய 20-ல் பாதி அங்கிருந்து வந்திருக்கலாம். ஐந்துக்கு ஐந்து ஆடும்போது யாருக்கு எத்தனை என்று பிரித்துப் பார்க்காமல் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

பிறந்த மாதம் ஒரு பெரிய விஷயம். சிறுவர் ஹாக்கியில் வயது காலண்டர் வருடக் கணக்கு. ஜனவரிப் பையன் உங்கள் மகனைவிட ஒன்பது மாதம் மூத்தவன், பதினைந்து வயதில் அது எலும்பிலும் தசையிலும் தெரியும். முன்னணி ஜூனியர் அணிகளில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்தவர்கள் கூடுதலாக இருப்பதை ரோஜர் பார்ன்ஸ்லி என்ற கனடிய உளவியலாளர் 1980-களிலேயே எடுத்துக்காட்டினார். அதில் உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் ஒளிந்திருக்கிறது. ஓஹெச்எல் டிராஃப்ட் காலண்டர் வருடத்தைப் பார்க்கிறது. என்ஹெச்எல் டிராஃப்டில் வயதுக் கணக்குக்கு செப்டம்பர் 15 கெடு. அக்டோபரில் பிறந்தவன் அந்த ஜனவரிப் பையனைவிட ஒரு வருடம் தள்ளித்தான் என்ஹெச்எல் டிராஃப்டுக்கு வருவான். வளர இன்னும் ஒரு முழு சீசன் கிடைக்கிறது. உயரமும் இனி வரலாம், வராமலும் போகலாம். டங்கன் கீத்தைச் சிறிய உடம்பு என்றார்கள், 2002-ல் 54-வதாகத்தான் எடுத்தார்கள். இரண்டு நோரிஸ் கோப்பை வாங்கினார்.

சீக்கிரம் கிடைக்கும் அங்கீகாரம் எதையும் உறுதி செய்வதில்லை. 15 வயதிலேயே ஓஹெச்எல்லில் ஆட அபூர்வத் தகுதி என்று ஒன்று கொடுப்பார்கள். டிஃபென்ஸ்மேன்களில் 2011-ல் ஆரன் எக்பிளாடுக்கும் 2013-ல் ஷான் டேக்கும் அது கிடைத்தது. எக்பிளாட் 2014 டிராஃப்டில் முதல் ஆள். டே, ஃபாக்ஸ் எடுக்கப்பட்ட அதே 2016 டிராஃப்டில் அவருக்கும் பின்னால், 81-வது. என்ஹெச்எல்லில் விரல்விட்டு எண்ணும் ஆட்டங்களே ஆடினார். மறுபக்கம், டொராண்டோவிலேயே பிறந்த மார்க் ஜியோர்டானோவை எந்த என்ஹெச்எல் டிராஃப்டிலும் யாரும் எடுக்கவில்லை. 2019-ல், 35 வயதில், நோரிஸ் கோப்பை வாங்கினார். இது அபூர்வமான கதை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். டிராஃப்டில் வராத பெரும்பாலோர் ஜியோர்டானோ ஆவதில்லை.

உங்கள் கோச் சொன்ன "ஆட்ட அறிவு நன்றாக இருக்கிறது" நிஜப் பாராட்டாகவும் இருக்கலாம், அப்பாவைச் சமாளிக்கும் வார்த்தையாகவும் இருக்கலாம். எது என்று தெரிந்துகொள்ள அவர் வாயைப் பார்க்காதீர்கள், பெஞ்சைப் பாருங்கள். ஒரு கோல் முன்னிலையில் கடைசி இரண்டு நிமிடம் இருக்கும்போது யாரை அனுப்புகிறார்? நம் பக்கம் ஒருவர் பெனால்டியில் உட்கார்ந்திருக்கும்போது யார் போகிறார்? அந்த நேரங்களில் உங்கள் மகன் பனியில் இருந்தால் கோச் மனதில் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார். இல்லையென்றால் ஆட்டம் முடிந்த சூட்டில் இல்லாமல், மறுநாள் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அடுத்த இரண்டு மாதத்தில் இவன் எதைச் சரிசெய்தால் அந்த நேரத்தில் அனுப்புவீர்கள்?" நல்ல கோச்சிடம் குறிப்பான பதில் இருக்கும்.

ஒரு கோல் அவன் தப்பால் விழுந்த பிறகு வரும் ஷிஃப்டையும் கவனியுங்கள். அதே பாஸை மறுபடி முயல்கிறானா, பயந்து கண்ணாடியில் அடிக்க ஆரம்பிக்கிறானா? எனக்கு இது பாயிண்டைவிடப் பெரிய தகவல். சீசன் தொடக்கத்தில் எடுத்த வீடியோ இருந்தால், இப்போது எடுத்ததோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்று எங்கே நிற்கிறான் என்பதைவிட, சில மாதத்தில் எவ்வளவு நகர்ந்திருக்கிறான் என்பதைத்தான் நல்ல ஸ்கவுட்டும் தேடுவார்.

ஓஹெச்எல் டிராஃப்டில் பெயர் வராவிட்டால் கதவு மூடிவிடாது. அதற்கு அடுத்த நிலையான ஜூனியர் ஏ இருக்கிறது, அங்கிருந்து அமெரிக்கக் கல்லூரி ஹாக்கிக்குப் போகலாம். பராய்கோ போனதும் ஆல்பர்ட்டாவின் ஜூனியர் ஏ லீகிலிருந்துதான். முன்பு ஓஹெச்எல்லில் ஆடிவிட்டால் என்சிஏஏ என்ற அந்தக் கல்லூரி ஹாக்கி வழி அடைபட்டுவிடும். 2025 ஆகஸ்டிலிருந்து அந்தத் தடையும் இல்லை. ஆகவே 15 வயதில் இதுவா அதுவா என்று பெற்றோர் தலையைப் பிய்த்துக்கொண்டது கொஞ்சம் குறைந்திருக்கிறது.

ஃபார்வர்டாக மாற்றலாமா என்று கேட்டீர்கள். மாற்றாதீர்கள். திரும்பிப் பார்ப்பது, இடைவெளி பிடிப்பது இதெல்லாம் வருடக்கணக்கில் படிவது. பாதியில் விட்டால் அங்கேயும் புதியவன், திரும்பி வந்தால் இங்கேயும் புதியவன். பாயிண்ட் வராததற்காக மாற்றினால், அங்கே பாயிண்ட் மட்டும்தான் அளவுகோல் என்பதையும் யோசியுங்கள். அவன் வலக்கை ஷாட் ஆடுபவனா என்று நீங்கள் எழுதவில்லை. வலக்கை டிஃபென்ஸ்மேன்கள் எந்த லீகிலும் குறைவு, கோச்சுகள் தேடுவார்கள். அப்படியென்றால் இந்தக் கேள்வியே வேண்டாம். அவனே வந்து "அப்பா, எனக்கு முன்னால் ஆட ஆசை" என்று சொன்னால் மட்டும் கோடை லீகில் விட்டுப் பாருங்கள், பாயிண்ட் கணக்குப் பெரிதாக இல்லாத இடத்தில்.