மகள் அந்த வகுப்பை எடுக்கட்டும், ஆனால் இந்த செமஸ்டரில் வேண்டாம்

வணக்கம் அம்மா,

நியூஜெர்சியிலிருந்து நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். மகள் பயாலஜி படிக்கிறாள், சின்ன வயதிலிருந்தே டாக்டர் கனவு. இப்போது திடீரென்று 'மதமும் நவீன மேற்கத்தியச் சிந்தனையும்' என்ற பாடத்தை எடுக்கப்போகிறேன் என்கிறாள். அதில் ஏ வாங்குவது கஷ்டம் என்று சீனியர்கள் சொல்கிறார்களாம். அது ஒரு பயம். உங்கள் கடைசி வரியில் இருந்தது இன்னொரு பயம்: "சாமி கும்பிடுறதையே விட்டுடுவாளோ?"

முதலில் மதிப்பெண். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கு ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாக விண்ணப்பிக்கும்போது உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கையும் சேர்த்து ஒரு தனி ஜிபிஏ (கிரேடுகளின் சராசரி) போடுவார்கள். மற்ற பாடங்களுக்கு வேறு கணக்கு, அப்புறம் மொத்தம். இந்தப் பாடத்தில் பி வந்தால் மொத்தம் கொஞ்சம் இறங்கும், அறிவியல் கணக்கை அது தொடாது. பாஸ்/ஃபெயிலாக எடுத்தால் ஜிபிஏவில் சேராதுதான். ஆனால் அது வேண்டாம் என்பேன். கிரேடு இல்லாவிட்டால், வேலை நெருக்கும் வாரத்தில் முதலில் மூடி வைக்கப்படுவது இந்தப் புத்தகமாகத்தான் இருக்கும்.

மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டில், படித்துப் புரிந்துகொள்வதைச் சோதிக்கும் கார்ஸ் என்று ஒரு பகுதி உண்டு. 90 நிமிடம், 53 கேள்விகள். தத்துவம், மதம், கலை, சமூகம் என்று எதிலிருந்தாவது பத்திகள் வரும்; எழுதியவர் என்ன சொல்கிறார், எதை வைத்துச் சொல்கிறார் என்று பிடிக்க வேண்டும். என்னிடம் வரும் பிள்ளைகளில் கெமிஸ்ட்ரியில் கெட்டிக்காரர்கள்கூட இங்கே தடுமாறுகிறார்கள். மனப்பாடம் செய்ய அதில் ஒன்றுமே கிடையாது.

அப்படிப் பிடித்துப் படிக்கும் பழக்கத்தை இந்த வகுப்பு தரும். ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் எழுதி, அவர் இறந்து மூன்று வருடம் கழித்து 1779-இல் வெளிவந்த உரையாடல் நூல் ஒன்று இப்படிப்பட்ட வகுப்புகளில் அடிக்கடி வரும். கிளியாந்தீஸ், டெமியா, ஃபைலோ என்ற மூவர் கடவுளைப் பற்றி வாதிடுவார்கள். உலகம் ஒரு பெரிய இயந்திரம், ஆகவே செய்தவன் ஒருவன் இருக்க வேண்டும் என்பார் கிளியாந்தீஸ். அது ஏன் விதையிலிருந்து முளைக்கிற செடியைப் போல இருக்கக்கூடாது என்று மடக்குவார் ஃபைலோ. நான் வழிகாட்டிய ஒரு பெண், கிளியாந்தீஸ் பேச்சை "ஹியூம் சொல்கிறார்" என்று எழுதி, ஓரத்தில் நான்கு இடத்தில் "பேசுவது யார்?" என்ற குறிப்போடு கட்டுரையைத் திரும்ப வாங்கினாள். அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொரு பத்தி பக்கத்திலும் பேசுகிறவரின் முதல் எழுத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டே படித்தாள். உங்கள் மகளுக்கும் இதைச் சொல்லுங்கள்.

சரி, அந்தக் கடைசி வரி. இந்த வகுப்பில் நாத்திகம் மட்டும் இருக்காது. மனிதன் தன் சிறந்த குணங்களைத்தான் கடவுள் என்று வெளியே நிறுத்தினான் என்று 1841-இல் எழுதினார் ஜெர்மன் தத்துவவாதி ஃபாயர்பாக். இரண்டே வருடத்தில், கடவுள் கேட்டார் என்று மகனைப் பலியிடப் புறப்பட்ட பைபிளின் ஆபிரகாமை நினைத்து நடுங்கி எழுதினார் டென்மார்க் தத்துவவாதி கீர்க்ககார். அவர் ஆழ்ந்த விசுவாசி. நம் மணிமேகலையும் வஞ்சி நகரத்தில் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்டவள்தானே? அதற்கென்றே 27-ஆம் காதை இருக்கிறது. மகளின் நம்பிக்கை மாறாது என்று நான் உத்தரவாதம் தர முடியாது அம்மா. 19 வயதில் அது எந்த வகுப்பும் இல்லாமலே மாறலாம். லீவுக்கு வந்து பூஜை அறையில் நின்று "ஏம்மா விளக்கேத்துறோம்?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள்.

ஒரே நிபந்தனை: ஆர்கானிக் கெமிஸ்ட்ரியும் பிசிக்ஸ் லேபும் சேர்ந்து வரும் இந்த செமஸ்டரில் இது வேண்டாம். அடுத்த செமஸ்டரில் சேர்ந்ததும், பாடத்தை மாற்றிக்கொள்ளக் கெடு முடிவதற்குள் முதல் வாரப் பாடத்தை அவள் முழுதாகப் படித்துப் பார்க்கட்டும். கெடு தாண்டி விலகினால் டிரான்ஸ்கிரிப்டில், அதாவது மதிப்பெண் பட்டியலில், பாதியில் விலகியதைக் காட்டும் டபிள்யூ விழும். மூன்று பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆனால் பயப்பட வேண்டாம், எல்லாருக்கும் அப்படித்தான். சிலபஸ் கிடைத்ததும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். கட்டுரைத் தேதிகளையும் மற்ற மிட்டெர்ம் தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவோம்.