முதல் எச்.ஓ. (அசலில் 87-ல் ஒரு பங்கு அளவு) மாடல் ரயில் லேஅவுட்டுக்கு, வடிவம் மாறாத துண்டு ட்ராக்கா, வளைக்கக்கூடிய ஃப்ளெக்ஸ் ட்ராக்கா? கோட் 83 நல்லதா, 100 நல்லதா?

இரண்டாவது கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கோட் என்பது தண்டவாளத்தின் உயரம், அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு. கோட் 100 என்றால் 2.54 மி.மீ., 83 என்றால் 2.1 மி.மீ. இரு தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி இரண்டிலும் அதே 16.5 மி.மீ.தான். 83 பார்க்க அசல் போல இருக்கும். பழைய வண்டிகளின் சக்கர விளிம்பு பெரிதாக இருக்கும், அவையும் ஓட வேண்டுமென்றால் 100 வாங்குங்கள்.

சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் ரயில் பெட்டி, அதாவது ஐ.சி.எஃப். கோச், அதன் மாடலை ஓட்டத்தான் எல்லாருக்கும் ஆசை. நம் அகலப் பாதை 1676 மி.மீ.; 1:87 அளவில் அது 19 மி.மீ.க்கு மேல் வரவேண்டும். 16.5 என்பது 1435 மி.மீ. பாதைக்கான கணக்கு. அதனால் நம் கோச் கொஞ்சம் காலை ஒடுக்கிக்கொண்டு நிற்பது போலத் தெரியும். பழகிவிடும்.

சரி, துண்டா ஃப்ளெக்ஸா? வாடகை வீடு, அடிக்கடி கழற்றி மாட்டுவீர்கள் என்றால் அடித்தளத்தோடு வரும் துண்டு ட்ராக்தான், கேட்டோ நிறுவனத்தின் யூனிட்ராக் மாதிரி. பலகையில் நிரந்தரமாகப் பதிக்கப் போகிறீர்கள் என்றால் ஃப்ளெக்ஸ். மூன்றடி நீளத்தில் வரும், வேண்டிய வளைவுக்கு வளைத்துக்கொள்ளலாம்.

ஆனால் நான் ஃப்ளெக்ஸில் நன்றாகப் பட்டிருக்கிறேன். ஒரு வளைவில் ஒரே இடத்தில் கோச் தடம் புரண்டுகொண்டே இருந்தது. சக்கரத்தைக் குறை சொன்னேன், கோச்சின் எடையைக் கூட்டிப் பார்த்தேன். கடைசியில் தண்டவாளத்தின் உள்விளிம்பில் விரலை ஓட்டினால், இணைப்பில் ஒரு சின்ன முழங்கை! வளைத்த ட்ராக்கின் நுனி நேராகத்தான் பார்க்கும். இரு தண்டவாளங்களை இணைக்கும் ஜாயினர் என்ற சின்ன உலோகத் துண்டு மட்டும் அதை அடக்காது. இப்போதெல்லாம் வளைவில் இணைப்பு வருமென்றால், இரண்டு ட்ராக்கையும் மேஜைமேல் நேராக வைத்துச் சேர்த்து, சால்டர் (ஈயப்பற்று) வைத்து, அதன் பிறகே வளைக்கிறேன். வளைத்ததும் உள்பக்கத் தண்டவாளம் நுனியில் துருத்தும். வெட்டி, அரத்தால் பிசிறு எடுத்துவிடுங்கள். எல்லா இணைப்பிலும் சால்டர் வைக்காதீர்கள். பலகை ஈரத்தில் ஊதும், காயும். நேர்ப்பகுதி இணைப்புகளில் மயிரிழை இடைவெளி விட வேண்டும்.

ஜாயினரை நம்பி மின்சாரத்தை விடாதீர்கள். நாளடைவில் தளர்ந்து, என்ஜின் தூரத்தில் போய் மூச்சு வாங்கும். மூன்றடிக்கு ஒரு ஜோடி ஒயர் கீழிருந்து கொடுங்கள்.

பழைய பித்தளை ட்ராக் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், அதில் படியும் ஆக்சைடு மின்சாரம் கடத்தாது. நிக்கல் சில்வர்தான் சரி. பேரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். கீறலில் அழுக்கு இன்னும் சேரும்.

அப்புறம், எட்டுக்கு நாலு ப்ளைவுட் என்றால் 18 அங்குல ஆரத்தில் நீளமான கோச் அசிங்கமாக வெளியே நீட்டும். 22 போடுங்கள். ஆனால் அப்போது ட்ராக்கின் நடுவிலிருந்து பலகை ஓரத்துக்கு இரண்டு அங்குலம்தான் மிஞ்சும், ஒரு தடுப்பு ஒட்டிவிடுங்கள். என் என்ஜின் ஒன்று தரையில் விழுந்த பிறகுதான் நான் ஒட்டினேன்.