“எல்லாம் நார்மல்” என்கிறார்கள், எனக்கு ஏன் முடியவில்லை?

கேள்வி: எனக்கு 29 வயது. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். எட்டு மாதமாகக் காலையில் எழுந்தால் விரல்கள் மடங்குவதில்லை. மிஷினில் நூல் கோக்கவே பத்து மணி ஆகிவிடுகிறது. அதற்கப்புறம் கை கொஞ்சம் இளகும். முடி கொத்தாகக் கொட்டுகிறது. அடிக்கடி வாய்ப்புண். வெயிலில் பஸ்ஸுக்கு நின்றால் கன்னம் சிவந்து எரிகிறது. மூன்று டாக்டர்களைப் பார்த்துவிட்டேன். ஒருவர் ரத்தசோகை என்றார், ஒருவர் டென்ஷன் என்றார். மூன்றாமவர் எழுதிய டெஸ்ட்டில் ஏ.என்.ஏ. பாசிட்டிவ் 1:160, ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ். “சரவாங்கி இல்லை, பயப்படாதே” என்று சத்து மாத்திரை கொடுத்தார். போனில் தேடினால் பயமாக இருக்கிறது. வேலைக்குப் போகச் சோம்பல் என்கிறார் மாமியார். எனக்கு என்னதான் வியாதி? ரிப்போர்ட் நகலை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: அம்மா, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இது சோம்பல் இல்லை. சோம்பலால் ரத்தத்தில் வெள்ளை அணு குறையாது.

உங்கள் ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தேன். எல்லோரும் கடைசிப் பக்கத்து ஏ.என்.ஏ. வரியையே பார்த்திருக்கிறார்கள். நம் செல்களையே தாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் அது. என்னை நிறுத்தியது முதல் பக்கம். ஹீமோகுளோபின் 9.4. வெள்ளை அணுக்கள் 3,600, அதாவது நாலாயிரத்துக்கும் கீழே. உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இரண்டு டெஸ்ட்களில் ஈ.எஸ்.ஆர். 62 என்று ஏறியிருக்கிறது, ஆனால் சி.ஆர்.பி. நார்மல். ரத்தசோகை இருந்தாலே ஈ.எஸ்.ஆர். ஏறும் என்பது உண்மைதான். ஆனால் ஈ.எஸ்.ஆர். ஏறி சி.ஆர்.பி. ஏறாமல் நிற்பது லூபஸ் என்ற நோயில் அடிக்கடி பார்க்கிற காட்சி. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி நம் உடம்பையே தாக்குகிற ஆட்டோ இம்யூன் நோய்களில் அதுவும் ஒன்று. நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் உங்கள் வயதுக்காரர்கள்.

உங்களுக்கு லூபஸ் என்று நான் சொல்லவில்லை. கடிதத்தை வைத்து அப்படிச் சொல்வது தவறு. லூபஸா இல்லையா என்று பார்த்தே ஆக வேண்டும் என்கிறேன்.

ஏ.என்.ஏ. பாசிட்டிவ் என்றதும் போனில் தேடிப் பயந்துவிட்டீர்கள். 1997இல் வெளிவந்த, பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து செய்த ஆய்வில், நோயே இல்லாதவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு 1:160 அளவில், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியை 160 மடங்கு நீர்க்க வைத்த பிறகும், பாசிட்டிவ் வந்தது. 1:80 அளவில் பதின்மூன்று பேருக்கு. ஆகவே அந்த ஒரு வரியை வைத்து யாருக்கும் நோய் என்று முத்திரை குத்த முடியாது. ஆனால் விரல் விறைத்து, வாய் புண்ணாகி, வெயில் பட்டால் கன்னம் எரிகிற பெண்ணுக்கு அதே வரி வந்தால் ஒதுக்கி வைக்கவும் கூடாது. சரவாங்கி என்கிற மூட்டுவாத நோய்க்காகப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ் என்பதும் அப்படித்தான். சரவாங்கி உள்ளவர்களிலேயே பலருக்கு அது நெகட்டிவாக இருக்கும்.

சிறுநீர்ப் பரிசோதனை உங்கள் ரிப்போர்ட்டில் எங்குமே இல்லை. என் மனசு அங்கேதான் நிற்கிறது. நான் அரசு மருத்துவமனை புறநோயாளிகள் பிரிவில் இருந்த காலத்தில் ஒரு கல்லூரி மாணவி மூன்று முறை வாய்ப்புண்ணோடு வந்தாள். வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். மூன்று முறையும் பி காம்ப்ளெக்ஸ் எழுதி அனுப்பினேன். நான்காம் முறை செருப்பைக் கழற்றியபோது அதன் வார் காலில் பள்ளமாகப் பதிந்திருந்ததைப் பார்த்தேன். விரலால் அழுத்தினால் குழி மேலே எழும்பவில்லை. அன்றுதான் சிறுநீரைப் பார்க்கச் சொன்னேன். புரதம் மூன்று பிளஸ், அதாவது ரொம்ப அதிகம். லூபஸ் அவள் சிறுநீரகத்துக்குள் போயிருந்தது. அது வலிக்காது, அதனால் யாருக்கும் தெரியாது. பிழைத்துக்கொண்டாள், இன்று அவளுக்கு ஒரு மகளும் உண்டு. ஆனாலும் அந்த மூன்று சீட்டுகளை நான் மறக்கவில்லை.

அதனால் இந்த வாரமே சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ரொம்பக் குறைந்த செலவுதான். புரதமோ ரத்த அணுவோ தெரிந்தால் புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதத்தை அளக்கச் சொல்வார்கள். ரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், விரல் எத்தனை மணிக்கு இளகியது, எந்த விரல், வீக்கம் உண்டா, காய்ச்சல் எவ்வளவு என்று தேதி போட்டு எழுதுங்கள். கன்னம் சிவக்கும் அன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள். டாக்டரிடம் போகிற நாளில் அது மறைந்து போயிருக்கும். மூக்கின் ஓரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பில் சிவப்பு இருக்கிறதா என்று படத்தில் தெரிய வேண்டும். லூபஸ் சிவப்பு பெரும்பாலும் அந்த மடிப்பை விட்டுவிடும். டார்ச் அடித்து மேலண்ணத்தையும் பாருங்கள். அங்கே வலிக்காத புண் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த தண்ணீரில் விரல் வெளுத்து நீலமாகிறதா? இதெல்லாம் தொடங்குவதற்கு முன்னால் சிக்குன்குனியா போல காய்ச்சல் வந்ததா? அந்தக் காய்ச்சலுக்குப் பிறகும் மாதக்கணக்கில் மூட்டு பிடித்துக்கொண்டிருக்கும், அதனால் கேட்கிறேன். “ஒரே அசதி டாக்டர்” என்று சொன்னால் எங்களில் பலருக்குக் காது கேட்பதில்லை. “மார்ச் 3, விரல் இளக இரண்டு மணி நேரம்” என்று எழுதிக் காட்டினால் யாரும் தள்ளிவிட முடியாது.

அந்த நோட்டோடு ருமட்டாலஜிஸ்ட்டை, அதாவது மூட்டு மற்றும் ஆட்டோ இம்யூன் நோய்களுக்கான சிறப்பு மருத்துவரைப் பாருங்கள். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் அங்கிருந்தே சிறப்பு மருத்துவருக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். இல்லையென்றால் ஊரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவில் தொடங்குங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும், வேலூர் சி.எம்.சி.யிலும், புதுச்சேரி ஜிப்மரிலும் இதற்கென்றே தனித் துறை உண்டு. ஆன்டி டி.எஸ்.டி.என்.ஏ., சி3, சி4, ஆன்டி சி.சி.பி., தைராய்டு என்று இருக்கிற ரத்தப் பரிசோதனைகளில் எது தேவையோ அதைப் பார்த்து அவர்கள் எழுதுவார்கள். நீங்களாக லேப்பில் போய் முழு பேக்கேஜ் எடுத்துப் பணத்தை விடாதீர்கள்.

அதுவரை வலி தாங்காமல் எங்காவது ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம். நாலு நாள் சுகமாக இருக்கும், ஆனால் நோயின் தடயம் மங்கிவிடும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும் வேண்டாம், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று இன்னும் தெரியவில்லையே. வெயிலுக்குக் குடையும் முழுக்கைச் சட்டையும் போதும்.

ஒருவேளை லூபஸ்தான் என்று வந்தாலும் கையை விரிக்கிற காலம் இல்லை இது. மலேரியாவுக்கென்று வந்த ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரைதான் இன்றும் அதற்கு அடிப்படை மருந்து. எடைக்கேற்ற அளவில், அவ்வப்போது கண் பரிசோதனையோடு, வருடக்கணக்கில் சாப்பிட்டு வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர்.

கால் வீங்கினாலோ, சிறுநீர் நுரைத்தாலோ, மூச்சு இழுத்தால் நெஞ்சு குத்தினாலோ, விடாத காய்ச்சல் வந்தாலோ, வலிப்பு வந்தாலோ நோட்டு நிரம்பும் வரை காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

போகும்போது உங்கள் வீட்டுக்காரரையும் அழைத்துப் போங்கள். முடிந்தால் மாமியாரையும். டாக்டர் உங்கள் விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பதை அவர்கள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.