பூங்காவில் முளைத்தது குழம்புக்கு ஆகுமா?

கேள்வி: ராமநாதபுரத்தில் எங்கள் வீட்டருகே உள்ள பூங்காவில் ஐப்பசி மழைக்குப் பிறகு சாரணையும் பருப்புக்கீரையும் மண்டிக் கிடக்கின்றன. புல்தரையில் தட்டு அகலத்துக்கு வெள்ளைக் குடைக்காளானும் வந்திருக்கிறது. காளான் கொதிக்கும்போது வெள்ளிக் கரண்டியைப் போட்டு, அது கறுக்காவிட்டால் சாப்பிடலாம் என்கிறார் மாமியார். பறிக்கலாமா?

பதில்: காளான் வேண்டவே வேண்டாம். வெள்ளியைக் கறுக்க வைப்பது கந்தகம். காளான் நஞ்சுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பூண்டு, மஞ்சள் போட்டுப் பார்ப்பதும், புழு கடித்திருந்தால் நல்லது என்பதும் இதே கதைதான். புல்தரையில் வரும் பெரிய வெள்ளைக் குடை, பச்சை வித்துக் காளானாக இருக்கவே வாய்ப்பு அதிகம். குடைக்கு அடியில் வரிவரியாக இருக்கும் அதன் மடல்கள் இளசில் வெள்ளை, முற்றினால்தான் பச்சை ஓடும். விரிந்த குடையை வெள்ளைத்தாளில் கவிழ்த்து டம்ளரால் மூடி ஓர் இரவு விட்டால் பச்சைப் பொடி படியும். படியவில்லை என்றாலும் நல்ல காளான் என்று முடிவுகட்டாதீர்கள். தின்றால் ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் பிடித்துக்கொள்ளும். ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்து வாந்தி தொடங்கினால் அது இன்னும் மோசம், கல்லீரலைத் தாக்கும் வகையாக இருக்கலாம். 108-ஐ அழையுங்கள்; மிச்சக் காளானைக் காகிதத்தில் சுற்றி மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள்.

'புற்றுக்காளான் மட்டும் தின்கிறோமே' என்பீர்கள். அது வேறு. புற்றருகே முளைத்ததெல்லாம் புற்றுக்காளான் ஆகாது. பிடுங்காமல் குச்சியால் ஒரு சாண் தோண்டிப் பாருங்கள்: காம்பு வேர்போல மெலிந்து கரையான் கூடுவரை இறங்க வேண்டும், குடை உச்சியில் கூம்பு இருக்க வேண்டும். காம்பு பாதியில் அறுந்துவிட்டதா, விட்டுவிடுங்கள். இத்தனையும் சரியாக இருந்தாலும், வழக்கமாக எடுப்பவர் பார்த்துச் சொல்லாமல் அடுப்பேற்ற வேண்டாம்.

கீரை பறிக்கலாம். பருப்புக்கீரைத் தண்டை ஒடித்துப் பாருங்கள். பால் வந்தால் அது சிற்றம்மான் பச்சரிசி, வீசிவிடுங்கள். சாக்கடை ஓரம், நாய் ஒதுங்கும் மூலை இரண்டும் ஆகாது. களைக்கொல்லி எப்போது அடித்தார்கள் என்று ஓர் அட்டை மாட்டக்கூட எந்தப் பூங்காவிலும் ஆளில்லை. நீங்களே தோட்டக்காரரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நுனி கருகிய செடியைத் தொடாதீர்கள். சாரணையைக் கொதிநீரில் வேகவைத்து, தண்ணீரை இறுத்துவிட்டுச் சமையுங்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு இரண்டு கீரையும் வேண்டாம்.

பறிக்க அலுத்துப்போய்ப் பாக்கெட்டை மட்டும் வாங்கிவிடாதீர்கள். 'காட்டுக்கீரைப் பொடி', 'உமரி உப்பு, பி.பி.க்கு நல்லது' என்று வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். கேட்டால் 14 இலக்க உணவு உரிம எண்ணைக் காட்டுவார்கள். அந்த எண் வியாபாரிக்குக் கொடுத்தது. உள்ளே இருப்பது எந்தச் செடி, எந்த வாய்க்காலில் அறுத்தது என்று யார் பார்த்தார்கள்? உமரி உப்பங்கழியில் வளரும் செடி, அதில் ஏறியிருப்பதும் சாப்பாட்டு உப்பில் உள்ள அதே சோடியம்தான். சமைப்பதானால் இரண்டு முறை கொதிக்கவைத்து நீரை வடித்து, உப்புப் போடாமல் சமைக்க வேண்டும். பொடியாக்கினால் ஒரு துளி உப்பும் வெளியேறாது.