அம்மாவின் குளியலறையை இடிக்க வேண்டுமா?

கேள்வி: கும்பகோணத்தில் உள்ள எங்கள் பழைய வீட்டில் 77 வயதான என் தாயார் தனியாக வசிக்கிறார். சென்ற மாதம் இரவில் கழிவறைக்குப் போகும்போது தடுமாறி, சுவரைப் பிடித்துத் தப்பினார். நான் கோவையில் வேலை பார்க்கிறேன். முதியோருக்கேற்ற குளியலறை அமைத்துத் தருவதாகச் சொல்லும் ஒருவர், தளத்தைப் பெயர்த்து டைல்ஸ் மாற்ற 1,85,000 ரூபாய் கேட்கிறார். செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு இடிக்க வேண்டாம். விழுந்து எலும்பு முறிந்த முதியவர்களை மீண்டும் நடக்கவைக்கும் இயன்முறை மருத்துவராக, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர்களுடைய வீடுகளுக்குப் போய் வருகிறேன். புத்தம்புதிய டைல்ஸ் பளபளக்கும் குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூட இல்லாததைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்ட சொல் 'இரவில்' என்பது. படுக்கையிலிருந்து சட்டென்று எழும்போது இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றுவது முதுமையில் அடிக்கடி நேர்வது. இரத்த அழுத்த மாத்திரையும் தூக்க மாத்திரையும் அதைக் கூட்டக்கூடும். அவருடைய மருத்துவரிடம் எல்லா மாத்திரைகளையும் கொண்டுபோய்க் காட்டி, படுத்த நிலையிலும் எழுந்து நின்ற பிறகும் அழுத்தத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். எழுந்ததும் காலைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு நடக்கப் பழகட்டும். கட்டிலிலிருந்து கழிவறை வரை இரவு முழுவதும் எரியும் சிறிய விளக்குகள் வேண்டும். வழியில் கிடக்கும் சாக்குகளையும் கால்மிதிகளையும் இன்றே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

அடுத்தது கைப்பிடி. டவல் ராடு கைப்பிடி ஆகாது. துண்டின் எடையைத் தாங்குவதற்காக இரண்டு சிறு திருகுகளில் நிற்கும் அந்தக் கம்பி, திருகின் அடியிலிருந்து டைல்ஸில் துருக்கறை வழிந்திருக்கும் நிலையிலும், விழப்போகிறவர் முதலில் பற்றுகிற பொருளாக இருக்கிறது. அதைவிட ஆபத்தானது, ரப்பர் கிண்ணத்தை அழுத்தி ஒட்டவைக்கும் கைப்பிடி. துளை போட வேண்டாம் என்று சொல்லி விற்கப்படும் அது, ஈரச் சுவரில் எப்போது கழலும் என்று யாராலும் சொல்ல முடியாது. துருப்பிடிக்காத எஃகில், விரல்கள் முழுவதும் சுற்றிப் பிடிக்கும் பருமனுள்ள கம்பியை வாங்கி, உங்கள் தாயார் கழிப்பிடத்தில் உட்கார்ந்திருக்கும்போது முழங்கை சற்று மடங்கி நிற்கும் உயரத்தில், அவர் எந்தக் கையை ஊன்றி எழுகிறாரோ அந்தப் பக்கத்தில் பொருத்துங்கள். தரையோடு இருக்கும் இந்தியக் கழிப்பிடம்தான் என்றால் அதையும் உடைக்க வேண்டியதில்லை; மேலே கமோடு நாற்காலி வைத்தால் போதும்.

இதில் உங்கள் வீட்டுக்கென்றே ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய வீடுகளில் குளியலறையைப் பிற்காலத்தில் கொல்லைப்புறத்தில் சேர்த்துக் கட்டும்போது, பெரும்பாலும் நாலரை அங்குலச் சுவராகத்தான் எழுப்புவார்கள். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் உறுதியாக நிற்கும் போல்ட், இந்த மெல்லிய சுவரில் சில மாதங்களில் பூச்சோடு பெயர்ந்து வரக்கூடும். சுண்ணாம்புச் சாந்து உதிரும் பழைய சுவரிலும் இதே கதிதான். அப்படிப்பட்ட இடத்தில் சுவரை முழுவதும் துளைத்து, வெளிப்பக்கம் ஓர் இரும்புத் தகடு வைத்து, அதில் நட்டு போட்டு முறுக்க வேண்டும். துளைக்கும் முன், உள்ளே குழாயோ மின்கம்பியோ ஓடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். குளியலறை அமைத்துத் தருவதாகச் சொன்னவரிடம் சுவரின் கனம் என்ன என்று கேட்டுப் பாருங்கள்; பதில் வரவில்லையென்றால் அவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

கதவையும் கவனியுங்கள். உள்பக்கமாகத் திறக்கும் கதவுக்குப் பின்னால் ஒருவர் விழுந்துவிட்டால் அவருடைய உடலே கதவை அடைத்துக்கொள்ளும். நான் போன ஒரு வீட்டில், மகன் கதவை உடைத்து உள்ளே போக முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அவ்வளவு நேரமும் அந்த அம்மா ஈரத் தரையில் கிடந்திருக்கிறார். தச்சரைக் கூப்பிட்டுக் கீலை மாற்றி, வெளிப்பக்கமாகத் திறக்கும்படி செய்யுங்கள். தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாக இருக்கட்டும்.

இவ்வளவும் செய்தாலும் அந்த மனிதர் கேட்ட தொகையில் சிறு பகுதிகூட ஆகாது. அவர் தளத்தைப் பெயர்க்கச் சொல்வதற்குக் காரணம், டைல்ஸ் கடையில் கிடைக்கும் கமிஷன் கைப்பிடியில் கிடைக்காது என்பதுதான். வழுக்காத டைல்ஸ் என்று அட்டையில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். என்றைக்காவது மாற்ற நேர்ந்தால், கடையிலேயே சோப்பு நீர் ஊற்றி, வெறுங்காலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள்.

எனக்குப் பொறுக்காத ஒன்று உண்டு. இடுப்பெலும்பு முறிந்தால் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் தரும் காப்பீடுகள், முறியாமல் காக்கும் ஒரு கைப்பிடிக்குக் காசு கொடுத்து நான் பார்த்ததில்லை. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது, உங்கள் வீட்டுக் கழிவறை எப்படி இருக்கிறது என்று கேட்பாரும் இல்லை. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்கு ஊன்றுகோல், வாக்கர், சக்கர நாற்காலி போன்றவற்றை இலவசமாகத் தரும் மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் 2017 முதல் இருக்கிறது. ஆனால் அதற்கான முகாமுக்கு, நடக்க முடியாதவரையே நேரில் வரச்சொல்கிறார்கள். முகாமில் பெயர் சேர்த்துவிடுகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்; விவரங்களுக்கு முதியோர் உதவி எண் 14567-ஐக் கட்டணமின்றி அழைக்கலாம்.

அடுத்த விடுமுறையில் நீங்களே ஊருக்குப் போய், வேலை நடக்கும்போது பக்கத்தில் இருங்கள். கம்பியைப் பொருத்தி முடித்ததும், கூலியைக் கொடுப்பதற்கு முன், இரண்டு கைகளாலும் அதைப் பிடித்து உங்கள் முழு எடையையும் கொடுத்து இழுத்துப் பாருங்கள். சிறிதளவு ஆடினாலும் கழற்றி, மறுபடியும் பொருத்தச் சொல்லுங்கள்.